பிள்ளை போலீஸில் சிக்கினால்: சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று போன் வந்தால், பதற்றத்தில் முதலில் மறந்துபோவது ஒரு விஷயம். 18 வயது நிரம்பாத பிள்ளையின் வழக்கு, பெரியவர்களின் வழக்கு போகும் வழியில் போவதில்லை. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, தனி அலுவலர் இருக்கிறார், விசாரிக்கும் இடமும் தங்கவைக்கும் இடமும் தனி. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

அந்தச் சட்டம், 'இந்தப் பையன் என்ன செய்தான்' என்று கேட்கும்போதே 'இவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்' என்றும் கேட்கிறது. ஜாமீன் கிடைக்குமா, கடைசியில் என்ன உத்தரவு வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் அமைகிறது. எவ்வளவு பெரிய வக்கீல் வைத்தாலும் அந்தப் பதிலை அவரால் சொல்ல முடியாது. பெற்றோர்தான் சொல்ல வேண்டும், சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான்.

வயதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்ன செய்தாலும் அது குற்றமே இல்லை. 7 முதல் 12 வயதுக்குள் என்றால், தான் செய்வதன் தன்மை அந்தக் குழந்தைக்குப் புரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். 18 வரை இளைஞர் நீதிச் சட்டம்தான். சம்பவம் நடந்த தேதியில் என்ன வயது என்பதே கணக்கு. 17 வயது 11 மாதத்தில் நடந்த விஷயத்துக்கு 19 வயதில் பிடித்தாலும் அவன் இந்தச் சட்டத்துக்குள்தான் வருவான்.

படி 1: கிளம்பும் முன் வயதுக்கான காகிதத்தை எடுங்கள்

கையில் காகிதம் இல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடுவதுதான் முதல் தவறு. பையன் வாட்டசாட்டமாக, மீசை அரும்பியிருந்தால் வயது 19 என்று எழுதப்பட்டுவிடும். சில பிள்ளைகள் பயத்திலோ வீம்பிலோ தாங்களே 18 என்று சொல்லிவிடுவதும் உண்டு. அப்படி எழுதப்பட்டுவிட்டால் புழல் சிறை வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

சட்டத்தின் 94ஆவது பிரிவு வயதை முடிவு செய்ய ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில், பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதார் கிடையாது. டி.சி.யை நம்பியும் போகாதீர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் 94ஆவது பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று 2023இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன் பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை என்றால், தலைமை ஆசிரியரிடம் பிறந்த தேதியைக் குறிப்பிட்டுத் தனிச் சான்றிதழ் வாங்குங்கள். சென்னையில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நான்கு நகல் போதும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வயது விஷயத்தை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்த பிறகுகூட எழுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாள் சொன்னால் ஒரு மணி நேரத்தில் தீரும் விஷயம் இது.

படி 2: ஸ்டேஷனில்

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர். உள்ளே போனதும் அவர் யார் என்று கேளுங்கள். பிள்ளை அவருடைய பொறுப்பில்தான் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை மரியாதையாக, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு கேட்டாலே, இந்த வீட்டாருக்கு நடைமுறை தெரியும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. அடிக்கக் கூடாது, 'ஒத்துக்கோ' என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வாக்குமூலம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கக் கூடாது. அலுவலர் சீருடையில் இல்லாமல் சாதாரண உடையில் பேச வேண்டும். விசாரிக்கும்போது பெற்றோர் கூட இருக்கலாம். பெண் குழந்தை என்றால் பெண் காவலர் இருக்க வேண்டும். காயம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையைப் பார்த்ததும் முகம், கை, பாதம் என்று ஒரு முறை நிதானமாகப் பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிள்ளை செய்ததாகச் சொல்லப்படுவது கொடுங்குற்ற வகையாக (எது எந்த வகை என்று படி 3இல் சொல்கிறோம்) இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோதான் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். மற்றதெல்லாம் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிவாகி, அதோடு படிவம் 1இல் பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையாக இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அதாவது பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் அமைப்புக்கு, போக வேண்டும். பிள்ளையைப் பிடித்து வைப்பதும் அப்படித்தான். கொடுங்குற்றம் இல்லாதபோது, பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்றால் தவிர, பெற்றோரிடம் ஒப்படைத்து, கூப்பிடும் நாளில் குழுமத்துக்குக் கூட்டிவருவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும் என்பதே விதி. 'இது என்ன பிரிவு? எஃப்.ஐ.ஆரா, நாட்குறிப்புப் பதிவா?' என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் பெற்றோர் செய்யும் தவறுகள் நான்கு.

எல்லார் முன்னாலும் பிள்ளையை அறைவது முதல் தவறு. 'நானே அடிச்சுத் திருத்திக்கிறேன் சார், விட்டுடுங்க' என்று காட்டுவதற்காகச் செய்கிறார்கள். இந்த வீட்டில் இதுதான் வழக்கம் என்று அந்த அடி எதிர்ப்பக்கம் பேசும். பிள்ளையும் அதற்குப் பிறகு உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டான். நடந்ததை அவன் முழுதாகச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவது இரண்டாவது. படிக்கத் தெரியாதவர் என்றால், படித்துச் சொல்ல ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

மூன்றாவது, ஸ்டேஷன் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் பணம் கொடுப்பது. ஏற்கெனவே பதிவான வழக்கை அவரால் அழிக்க முடியாது.

நான்காவது, பிள்ளையின் படத்தையோ பெயரையோ தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'யாராவது உதவுங்கள்' என்று கேட்பது. வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று 74ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேறு யாராவது போட்டிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

படி 3: எந்தப் பிரிவு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுக்குள் என்றால் சிறு குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை என்றால் கடும் குற்றம். அதிகபட்சம் 7 ஆண்டைத் தாண்டினாலும், குறைந்தபட்சத் தண்டனை சொல்லப்படாமலோ 7 ஆண்டுக்குக் குறைவாகவோ இருந்தால் அதுவும் கடும் குற்றம்தான். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் மட்டும் கொடுங்குற்றம்.

சென்னையில் அடிக்கடி வருவதை வைத்துச் சொல்கிறோம். இங்கே வரும் எண்கள் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள். சாதாரணத் திருட்டு, 303(2), சிறு குற்றம். செல்போன் பறிப்பு, 304, அதுவும் சிறு குற்றம். வீட்டுக்குள் நடக்கும் திருட்டு, 305, கடும் குற்றம். மிரட்டிப் பறிக்கும் வழிப்பறி, 309, கடும் குற்றம். அதே வழிப்பறியில் கத்தியைப் பயன்படுத்தியதாக 311 சேர்ந்துவிட்டால் குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதாவது கொடுங்குற்றம். ஒரே செல்போன், ஒரே இரவு. கத்தி இருந்ததா இல்லையா என்ற ஒரு வரி பையனின் அடுத்த சில ஆண்டுகளை மாற்றிவிடுகிறது. கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் அது கடும் குற்றம். கொலை, கொடுங்குற்றம்.

கஞ்சாவில் எடைதான் எல்லாம். 1 கிலோ வரை சிறிய அளவு, சிறு குற்றம். 1 முதல் 20 கிலோவுக்குள் கடும் குற்றம். 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தபட்சம் 10 ஆண்டு, கொடுங்குற்றம். பறிமுதல் செய்ததைப் போலீஸ் எழுதும் மகஜரில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். 17 வயதுப் பையன், 16 வயதுப் பெண், காதல் என்று ஆரம்பித்துப் பெண் வீட்டார் புகார் கொடுத்தால், அது குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கொடுங்குற்றமாக வந்து நிற்கலாம். 'சும்மா பழக்கம்தானே' என்று பையன் வீட்டார் அலட்சியமாக இருந்துவிடும் வழக்குகள் இவை. இருந்துவிடக் கூடாது.

படி 4: 24 மணி நேரத்துக்குள் குழுமம்

பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும், குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்கும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் குழுமம். சென்னைக்கு அது கெல்லீஸில், புரசைவாக்கம் நெடுஞ்சாலையில், வழக்கு நடக்கும்போது பிள்ளைகளைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம் இருக்கும் இடத்தில் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை, குழுமம் கூடாத நாள் என்பதெல்லாம் காரணம் ஆகாது. குழுமம் அமராத நேரத்தில் ஒரு தனி உறுப்பினர் முன்பே நிறுத்தலாம்.

எந்தக் குழுமம் என்பது சம்பவம் நடந்த மாவட்டத்தைப் பொறுத்தது. தாம்பரம் பக்கம் நடந்தது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போகும், ஆவடிப் பக்கம் நடந்தது திருவள்ளூருக்குப் போகும். கெல்லீஸுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, வேறு மாவட்டம் என்று தெரிந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேஷனிலேயே கேட்டுவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, குழந்தை என்ற ஒரே காரணத்தாலேயே, குடும்ப வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாமீனைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் பிள்ளை பக்கம் நிற்கிறது. என்ன குற்றமாக இருந்தாலும் விடுவிப்பதுதான் விதி. மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு உடலளவிலோ மனதளவிலோ ஒழுக்க ரீதியாகவோ ஆபத்து இருக்கிறது, விடுவித்தால் நீதி கெட்டுவிடும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஜாமீன் நிபந்தனையை 7 நாளுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையைத் திரும்ப நிறுத்த வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை மாதக்கணக்கில் உள்ளே கிடப்பது நடக்கவே கூடாத விஷயம்.

அந்த மூன்று காரணங்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு, வீட்டையும் சுற்றத்தையும் பற்றியவை. அதனால் முதல் நாளே கையில் ஒரு திட்டத்தோடு போங்கள். பிள்ளை எந்த வீட்டில் இருப்பான், பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், பள்ளிக்கு எப்படிப் போவான், எந்தக் கூட்டாளியிடமிருந்து எப்படி விலக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வக்கீல் மூலம் கொடுங்கள். வீட்டில் யாராவது குடித்துவிட்டு சண்டை போடுகிறவர் என்றால், பிள்ளை கொஞ்ச நாள் தாத்தா வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருப்பான் என்று நீங்களே முன்வந்து சொல்வது நல்லது. மறைத்தால் அடுத்த படியில் வெளியே வந்துவிடும்.

ஜாமீன் கிடைக்காமல் பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில் இருக்க நேர்ந்தால், அனுமதி கிடைக்கும் ஒவ்வொரு முறையும் போய்ப் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்து, அதன் பணியாளர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் இல்லங்களின் நிர்வாகத்தை ஆராயும் குழு அமைந்தது. பார்க்க ஆள் வருகிற பிள்ளை என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு. உடம்பில் அடி, பேச்சில் மாற்றம், சாப்பாடு, தூக்கம் எதையும் கேளுங்கள். ஏதாவது தெரிந்தால் அன்றே குழுமத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பொதுத்தேர்வு நெருங்கினால் ஹால் டிக்கெட்டோடு மனுப் போடுங்கள். இல்லத்தில் இருந்தபடியே தேர்வு எழுத ஏற்பாடு செய்ய முடியும்.

படி 5: நன்னடத்தை அலுவலரின் அறிக்கை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வக்கீலின் வாதத்தைவிட இந்த அறிக்கைதான் வழக்கை நகர்த்தும்.

பிள்ளையைப் பிடித்த தகவல், அவனுடைய குடும்பச் சூழலை விசாரித்துக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலருக்குப் போகும். அவர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கையைக் குழுமத்துக்குத் தர வேண்டும். படிவம் 6 என்று பெயர். குடும்பத்தில் யார் யார், வருமானம், வீட்டில் உறவு எப்படி, பிள்ளை எப்போதாவது வீட்டைவிட்டு ஓடினானா, படிப்பு எதுவரை, ஏன் நின்றது, நண்பர்கள் யார், பீடி, மது, மாத்திரைப் பழக்கம் உண்டா, யாராவது அவனைத் துன்புறுத்தினார்களா, ஏதாவது கும்பல் அவனைப் பயன்படுத்தியதா, பள்ளி என்ன சொல்கிறது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று நீண்டுகொண்டே போகும். வீட்டுக்கு நேரில் வருவார்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்.

இந்த இடத்தில் பெற்றோர் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். 'என் பிள்ளை தங்கம் சார், ஒண்ணுமே தெரியாது, கூட இருந்தவன்தான் கெடுத்தான்' என்பது ஒரு வகை. அடுத்த வீட்டில் வேறு கதை கேட்டதும் உங்கள் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். 'எங்க கைய மீறிட்டான், நீங்களே வச்சுத் திருத்துங்க' என்பது இன்னொரு வகை. களைத்துப்போன தாய்மார்கள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களின் வேதனை புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் ஏறினால், வீட்டில் கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தமாகி, பிள்ளையை இல்லத்தில் வைக்கக் காரணமாகிவிடும்.

அலுவலருக்குத் தேவை உண்மையும் ஏற்பாடும். இப்படிச் சொல்லலாம்: 'ஒன்பதாவதுல இருந்து ஸ்கூலுக்கு ஒழுங்கா போகல மேடம். கூல் லிப் புகையிலை போடுறான்னு ஆறு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்சது, அப்ப அடிச்சேன், அதோட விட்டுட்டேன். நான் காலைல ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டு ராத்திரி ஏழுக்குத்தான் வருவேன். இனிமே நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் நேரா எங்க அக்கா வீட்டுக்குப் போவான். அக்கா நம்பர் இது. ஹெச்.எம். கிட்ட பேசியாச்சு, திங்கட்கிழமையில இருந்து வரச் சொல்லிட்டாங்க.' இதில் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் நேரம், ஆள், தொலைபேசி எண், பள்ளி எல்லாம் இருக்கிறது. அலுவலர் அந்த அக்காவைக் கூப்பிட்டுச் சரிபார்க்க முடியும். அறிக்கையில் அப்படியே எழுதவும் முடியும்.

போதைப் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவிலோ காட்டி, அந்த ஓ.பி. சீட்டை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கு 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். சிகிச்சை தொடங்கியிருக்கிறது என்ற காகிதத்துக்கு, 'இனிமே பண்ண மாட்டான்' என்ற வாக்குறுதியைவிடப் பல மடங்கு எடை உண்டு.

கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி என்று முகவரி இருந்தால் அதையே ஒரு குறையாகப் பார்க்கும் பழக்கம் இந்த ஊரில் இருக்கிறது. அநியாயமான பழக்கம் அது. நகரின் நடுவிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து 20 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்ததால் பள்ளி நின்றுபோன பிள்ளைகள் எத்தனையோ. உங்கள் வழக்கில் அப்படி நடந்திருந்தால், எந்த வருடம் இடம் மாறினீர்கள், எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு, எந்த வகுப்பில் நின்றான் என்று தேதிகளோடு அலுவலரிடம் சொல்லுங்கள். அறிக்கையில் ஏற வேண்டிய உண்மை அது.

படி 6: வாய்தா நாட்கள்

முதலில் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 2 மாதம். சிறு குற்ற வழக்கு அந்த நீட்டிப்புக்குள்ளும் முடியாவிட்டால், நடவடிக்கை அத்தோடு முற்றுப்பெறும். 6 மாதம் கடந்ததும் வக்கீலுக்கு இதை நினைவுபடுத்துங்கள். தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையோடு பெற்றோர் ஒருவராவது போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும் என்பது உண்மையான கஷ்டம். முடியாத நாளில் வக்கீல் மூலம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜாமீன் கிடைத்த கையோடு பையனைத் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ சொந்த ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கூட்டாளிகளிடமிருந்து பிரிக்கும் நல்ல எண்ணம்தான். குழுமத்திடம் சொல்லாமல் செய்தால் தலைமறைவு என்று ஆகிவிடும். மனுப் போட்டு, அந்த ஊர் முகவரியையும் பொறுப்பேற்கும் உறவினர் பெயரையும் கொடுத்து, அனுமதி வாங்கி அனுப்புங்கள்.

வழக்கில் பெரியவர்களும் இருந்தால், பிள்ளையின் வழக்கைப் பிரித்துத் தனியாகத்தான் நடத்த வேண்டும். பெரியவர் தரப்பு வக்கீலே உங்கள் பிள்ளைக்கும் ஆஜராகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'பசங்கதான் பண்ணாங்க' என்பது அவருடைய கட்சிக்காரருக்கு வசதியான பதிலாக இருக்கலாம். குற்றத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்திய பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சங்கிலி பறிக்க ஓட்டச் சொன்னவர், கஞ்சாப் பொட்டலம் கொடுத்து அனுப்பியவர் யார் என்று பிள்ளை சொன்னால், அதை எழுத்தில் குழுமத்துக்குக் கொடுங்கள். பிள்ளைக்கு அது பெரிய துணை.

16 வயது தாண்டி, கொடுங்குற்றம் என்றால்

சம்பவத்தன்று 16 முடிந்திருந்து, குற்றம் கொடுங்குற்ற வகையாக இருந்தால் மட்டும், பிள்ளையைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஒரு பூர்வாங்க மதிப்பீடு செய்யும். மனவளர்ச்சி, உடல்வளர்ச்சி, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பவற்றைப் பார்ப்பார்கள். 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இருந்தாலும், அந்தக் கெடு கட்டாயமானது அல்ல என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தை உளவியல் படித்தவரின் உதவியோடு மதிப்பீடு நடந்ததா என்பதை வக்கீல் கவனிக்க வேண்டும். கற்றலில் குறைபாடு, சிறுவயதில் வலிப்பு, தலையில் அடி, மனநலச் சிகிச்சை ஏதாவது இருந்திருந்தால் பழைய மருத்துவக் காகிதங்களைத் தேடி எடுங்கள். பீரோவின் அடியில் கிடக்கும் அந்தச் சீட்டுகள்தான் இந்தக் கட்டத்தில் பேசும். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறினாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ கிடையாது.

பெற்றோர் மேலேயே வரும் வழக்குகள்

பிள்ளை செய்த குற்றத்துக்காகப் பெற்றோரைச் சிறையில் போட முடியாது. ஆனால் பெற்றோரின் சொந்தச் செயலோ அலட்சியமோ தனி வழக்காக வரும்.

அதிகம் வருவது பைக். 18க்குக் கீழ் யாரும் கியர் வண்டி ஓட்டக் கூடாது. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16இல் உரிமம் கிடைக்கும். கடைகளில் விற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேல் என்பதால் அந்த விலக்கு பயன்படுவதில்லை. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. நீங்கள் சம்மதித்துத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். தெரியாமல் எடுத்தான் என்றோ, தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்றோ நிரூபிப்பது உங்கள் பாடு. சாவி ஆணியில் தொங்கியது என்றால் நிரூபிப்பது கடினம். விபத்தில் யாராவது இறந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க முடியும். குடும்பத்தின் வீடு வரை போகக்கூடிய தொகை அது.

அடுத்தது, பிள்ளை கொண்டுவரும் பொருள். 'ஃபிரெண்டு குடுத்தான்' என்று ஒரு விலையுயர்ந்த செல்போன் வந்து, அம்மா அதில் சிம் போட்டுப் பேச ஆரம்பித்தால், திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வைத்துக்கொண்டதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு அவர் மேல் வரும். 3 ஆண்டு வரை தண்டனை. சந்தேகம் வந்தால் சிம் போடாதீர்கள், விற்காதீர்கள், கூவத்தில் எறியாதீர்கள். எறிவது சாட்சியத்தை அழித்ததாகிவிடும். வக்கீல் மூலம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள்.

தேடப்படும் பிள்ளையை ஒளித்து வைப்பதும் குற்றமாகலாம். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தால் கணவனுக்கும் மனைவிக்கும் மட்டுமே சட்டம் விலக்குத் தருகிறது, தாய் தகப்பனுக்கு இல்லை. வக்கீலோடு நீங்களே கூட்டிப்போய்க் குழுமத்தில் நிறுத்துவது பிள்ளைக்கு நல்ல பெயரையும் தரும்.

பிள்ளைக்கு மதுவோ புகையிலைப் பொருளோ போதைப் பொருளோ கொடுக்கும் எவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 'டேய், கடைல ஒரு ஹான்ஸ் வாங்கிட்டு வாடா' என்று அனுப்பும் அப்பாக்கள் இதை யோசிக்க வேண்டும். பள்ளி அருகே விற்கும் கடை தெரிந்தால் 1098இல் சொல்லுங்கள்.

படி 7: உத்தரவு வந்த பிறகு

குற்றம் செய்தான் என்று குழுமம் முடிவு செய்தால் என்ன நடக்கும்? அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனைக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். பெற்றோர் பத்திரம் எழுதிக்கொடுத்து, 3 ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பலாம். கடைசி வழியாக, உத்தரவுக்குப் பிறகு பிள்ளையைத் தங்கவைத்துத் திருத்தும் சிறப்பு இல்லம், அதுவும் அதிகபட்சம் 3 ஆண்டு. சென்னைப் பையன்களுக்கு அது பெரும்பாலும் செங்கல்பட்டு.

அந்தப் பத்திரத்தைச் சடங்காக எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையின் நடத்தைக்கும் நலத்துக்கும் பொறுப்பேற்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கிறீர்கள். ஒரு நகல் வாங்கி, மாதம் எத்தனை முறை நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும், எந்த ஆலோசனைக்குப் போக வேண்டும் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். முதல் மூன்று மாதம்தான் ஆபத்து. பழைய கூட்டாளிகள் தெருமுனையில் காத்திருப்பார்கள். ஏரியா போலீஸ் வேறு ஏதாவது நடந்தால் முதலில் இவனைத்தான் தேடும். மாலை 4 முதல் 8 மணி வரை அவன் எங்கே இருக்கிறான் என்பதற்கு ஒவ்வொரு நாளும் பதில் இருக்கட்டும். பல காவல் நிலைய எல்லைகளில் காவல் சிறார் மன்றங்கள் இருக்கின்றன. கேரம், கால்பந்து, மாலை வகுப்பு எல்லாம் உண்டு. படிப்பு ஏறவில்லை என்றால் ஐ.டி.ஐ.யில் சேர்க்கப் பாருங்கள். வீட்டில் அதே விஷயத்தை நாளொரு முறை குத்திக் காட்டாதீர்கள். உறவினர் விசேஷங்களில் பேச்சு வந்தால் பிள்ளை முன்னால் அதை நிறுத்துங்கள்.

பெற்றோரை இரவில் தூங்கவிடாத கேள்வி, 'இவனுக்கு இனிமேல் வேலை கிடைக்குமா?' என்பது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, இந்தத் தீர்ப்பால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. 16 வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. மற்றவர்களின் பதிவுகள் மேல்முறையீட்டுக் காலமும் விதிகள் சொல்லும் காலமும் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். முடிந்துபோன வழக்கைப் பற்றி நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியே சொல்லவும் கூடாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வேலைக்குத் தேர்வான ஒருவரின் சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தபோது, 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் நின்றது. அதனால் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். காவல் துறைச் சரிபார்ப்பு வரும் நாளில், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன், அந்த ஃபைலோடு சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை ஒரு முறை பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.